இரண்டே நாற்காலி போட்ட கல்யாணம்

கல்யாண அலங்காரத் தொழிலில் இருப்பவர்கள் ஊரில் நடக்கும் எல்லாக் கல்யாணத்துக்கும் போவார்கள், ஒரு கல்யாணத்திலும் சூடாகச் சாப்பிட மாட்டார்கள். மலேசியாவில் குளுவாங் டவுனில் நானும் என் வீட்டுக்காரர் தேவனும் ஒரு லாரியை வைத்துக்கொண்டு மணவறை, மேடை, பூ என்று ஓடிக்கொண்டிருக்கிறோம். ஏழு மணி டின்னருக்கு ஏழு மணிக்கே போய், வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசையில் காது அடைத்துப்போய் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த வகையில் நாமெல்லாம் ஒரே கட்சிதான்.

கொஞ்ச காலமாக ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. "நாங்க ரெண்டு பேர் மட்டும்" என்று சொல்லிக்கொண்டு ஜோடிகள் வருகிறார்கள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது என்பார்களே, அது இல்லை. வீட்டுக்குத் தெரியும், சண்டை சச்சரவும் கிடையாது. தங்களுக்குப் பிடித்த இடத்தில், பிடித்த மாதிரி, கூட்டம் இல்லாமல் ஒரு நாள் வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் பேருக்கு மேடை போட்டவளுக்கு இரண்டு பேர் ஒரு வேலையா என்று நினைத்தேன். அப்படி நினைத்த எனக்கு முதலில் வந்து சேர்ந்தவர்கள் கவிதாவும் சரவணனும்.

ஒரே ஒரு நிபந்தனை

கவிதா குளுவாங்கில் சிறுநீரகச் சுத்திகரிப்பு மையத்தில் நர்ஸ். சரவணன் பக்கத்து ஊரான ரெங்கத்துக்காரர், ஏர்கோன் குளிர்சாதனம் பழுது பார்ப்பவர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. மையத்தில் ஏர்கோன் கெட்டுப்போன நாளில் ஆரம்பித்த பழக்கமாம். நான் வழக்கம்போல ஆல்பத்தை எடுத்து நீட்டினேன். கவிதா அதைத் திறக்கவே இல்லை. சரவணன் என் கடை ஏர்கோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வருஷத்துக்கு முன்னால் ஜோகூர் பாருவில் ஒரு பெரிய ஹாலில் கவிதாவுக்கு வேறொருவரோடு கல்யாணம் ஏற்பாடாகியிருந்தது. கூறைப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மேக்கப் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வந்துகொண்டிருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்று மைக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். மாப்பிள்ளை வரவே இல்லை. கூட்டம் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தது. இதையெல்லாம் அவள் நோயாளியின் விவரம் சொல்வது போலத்தான் சொன்னாள். நான் ஆல்பத்தை எடுத்து உள்ளே வைத்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் தாலி கட்டும்வரை முகம் பார்க்கக் கூடாது என்று வருகிற எல்லாருக்கும் பாடம் எடுக்கிற நான், அன்று வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"யாருக்காகவும் உக்காந்து காத்திருக்க மாட்டேங்க்கா. அவரும் நானும் ஒரே வண்டியில வர்றோம், ஒரே வண்டியில போறோம். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

இடம் பார்த்த கதை

மத்ததெல்லாம் என் இஷ்டம் என்று நம்பி, கோத்தா திங்கி நீர்வீழ்ச்சியைச் சொன்னேன். கடற்கரையைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருமுறை பெக்கான் நானாஸ் பக்கம் சரவணனின் வேன் வழியில் நின்றுவிட்டதாம். இழுவை வண்டி வரும்வரை அன்னாசிக் காட்டோரம் உட்கார்ந்து, உப்பும் மிளகாயும் தொட்டு அன்னாசி தின்றிருக்கிறார்கள். வாயெல்லாம் எரிய எரிய அங்கேதான் சரவணன் கேட்டாராம், அவளும் சரி என்றாளாம். அதனால் கல்யாணமும் அங்கேதான்.

காட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு சீனப் பெரியவர். ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றவரிடம் தேவன் மலாயில் விஷயத்தைச் சொன்னார். எத்தனை பஸ் வரும், கார்களை எங்கே நிறுத்துவீர்கள், செடியை மிதித்தால் யார் பொறுப்பு என்று அவர் வரிசையாகக் கேட்டார். இரண்டே பேர்தான் என்றதும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தியர் கல்யாணத்தில் வெறும் இரண்டு பேர் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. மற்றவர்களெல்லாம் எங்கே என்று சந்தேகத்தோடு கேட்டார்:

"ஓராங் இந்தியா காவின், துவா ஓராங் சாஜா? யாங் லாயின் மானா?"

சும்மா இருக்காத கை

மண்டபத்தில் வேலை செய்து பழகிய கை சும்மா இருக்குமா? வளைவு ஒன்று வைக்கலாம் என்றேன். வேண்டாம் என்றாள் கவிதா. சிவப்புக் கம்பளம்? வேண்டாம். நாற்காலிக்குச் சரிகை உறை? வேண்டாம். ஒவ்வொன்றாகப் பறிபோய், கடைசியில் இரண்டு நாற்காலி, ஒரு குத்துவிளக்கு, இரண்டு மாலை என்று வந்து நின்றது. லாரியில் பாதி இடம்கூட நிறையாது. என் இத்தனை வருஷத் தொழிலுக்கே அது ஒரு அவமானம் போல இருந்தது.

மனசு கேட்காமல் கடைசி முயற்சியாகப் புகை மிஷினைச் சொன்னேன். இரண்டு பேரும் மாலை மாற்றும்போது கால் பக்கத்திலிருந்து வெள்ளையாகப் புகை எழும், படத்தில் மேகத்தில் நிற்பது போலத் தெரியும் என்று கையால் செய்து காட்டினேன். அந்தப் பக்கத்து மண் வெயில் காலத்தில் தானாகவே பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகையும் மண். அதுவரை வாய் திறக்காத சரவணன் மரியாதையாகச் சொன்னார்:

"அங்க பொகையப் பாத்தா தீயணைப்பு வண்டி வந்துரும்க்கா. அப்புறம் அவங்களுக்கும் சேத்து சாப்பாடு போடணும்."

அம்மாவின் போன்

பெண்ணின் அம்மா போன் செய்தால் எங்கள் தொழிலில் உடனே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். விட்டுப்போன சொந்தங்களின் பெயர்களைச் சொல்லி முடிக்க நேரம் பிடிக்கும். கவிதாவின் அம்மா கூப்பிட்டபோது நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. "நான் வரலம்மா. வேணாம்னு கவிதா கேட்டுக்கிட்டா, சரின்னுட்டேன். சோறு மட்டும் கட்டிக் குடுத்தா எடுத்துட்டுப் போவீங்களா?" என்றார்.

கல்யாணத்தன்று காலையில் போய் வாங்கினோம். நெய்ச்சோறு, கோழிப் பெரட்டல், கத்தரிக்காய், பாயசம் என்று தேவன் இரண்டு தடவை நடந்து லாரியில் ஏற்றினார். இரண்டு பேருக்கு இவ்வளவா என்று நான் கேட்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. நீங்களும் வந்து தூரத்தில் லாரியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், நான் கவிதாவிடம் பேசுகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்:

"அன்னிக்கு ரூம்ல அவ அழுதப்ப, ஆளுங்க பாக்கறாங்க அழாதன்னு சொன்னவ நான். இன்னிக்கு யாரும் பாக்காத எடத்துல அவ சிரிக்கட்டும், நான் படத்துல பாத்துக்கறேன்."

மறந்துபோன டப்பா

சட்டப்படியான பதிவு முன்பே முடிந்திருந்தது. அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நானும் தேவனும்தான். மிச்சம் இருந்தது தாலி. காட்டில் விளக்கைக் காற்று அணைக்க, நான் ஏற்ற, மறுபடி காற்று அணைக்க, இப்படி ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தபோது வேன் வந்தது. சொன்னபடியே இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினார்கள். வேட்டி சட்டையில் சரவணன், கரும்பச்சைப் புடவையில் கவிதா. தட்டை நீட்டி, "தாலிய வைங்க தம்பி" என்றேன். சரவணன் சட்டைப் பையைத் தொட்டார். வேட்டி மடிப்பைத் தொட்டார். வேனுக்குள் போய்த் தேடிவிட்டு வெளுத்த முகத்தோடு வந்தார். டவுனில் ஒரு பாய் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டிருக்கிறார்கள். சாம்பார் பட்டுவிடக் கூடாதே என்று தாலி டப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேசை ஓரமாக வைத்தவர், அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

தேவன், நான் போய் எடுத்து வருகிறேன் என்றார். முன்பின் தெரியாதவரிடம் யார் தங்கத்தைத் தூக்கிக் கொடுப்பார்கள்? சரவணன்தான் போக வேண்டும். கவிதா புடவைத் தலைப்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள். எந்த நிலைமை மட்டும் வரக் கூடாது என்று அவள் சொன்னாளோ, அந்த நிலைமை நேராக வந்து நின்றது. சரவணன் சாவியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனார். ஏறப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா, போலாம்" என்றார். கவிதா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

கல்யாண ஜோடி போய்விட, அவர்கள் நாற்காலிகளில் நானும் தேவனும் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து பார்த்தேன். வருவார்கள் என்று தெரிந்த எனக்கே இப்படி. வர மாட்டான் என்பது புரிந்த பிறகும் அந்தப் பெண் அந்த அறையில் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன், அழுகையாக வந்தது. கடைசியில் வேன் வந்தது. கவிதா சிரிப்பை அடக்க முடியாமல் இறங்கினாள். பாய் டப்பாவைக் கல்லாவில் பூட்டி வைத்திருந்தாராம். அவருக்கு இவர்கள் கதை ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளையும் பெண்ணும் மூச்சு வாங்க ஓடி வந்து நின்றதைப் பார்த்து அவர் சொன்னாராம்:

"தாலிய மறந்தா என்னாம்மா, மாப்பிள்ளைய கையோட கூட்டிட்டு வந்துட்டீல்ல. அது போதும்லா."

மூன்றாவது முடிச்சு

தாலி கட்டும்போது லாரிப் பக்கமே நிற்பேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். நின்றேன், போனில் படமும் எடுத்தேன். மாலை மாற்றிக்கொண்டார்கள். ஐயர் இல்லை, மேளம் இல்லை. "கட்டட்டுமா?" என்று சரவணன் கேட்பதும், "ம்" என்று அவள் சொல்வதும் லாரிவரை கேட்டது. அவர் முதல் முடிச்சைப் போட்டார். முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார் என்பது நம் வழக்கம். நாத்தனார் இல்லாத கல்யாணங்களில் மேடைக்குப் பக்கத்தில் நிற்கிற என்னைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனை பெண்களுக்குப் போட்ட கை இது. சரவணனுக்கோ கூடப் பிறந்தவர்கள் இல்லை. வாக்காவது ஒன்றாவது, என் கால் தானாக நடந்தது. அந்தக் கறுப்பு மண் ஒரு செருப்பை உள்ளே வாங்கிக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு போய்க் கையை நீட்டினேன். சரவணனும் கயிற்றை என்னிடம் கொடுக்கத் தயாரானார்.

"அக்கா, இருங்க" என்றாள் கவிதா, திரும்பாமலே. அப்புறம் அவரிடம், "இன்னொன்னும் நீங்களே போடுங்க" என்றாள். அவர் இரண்டாவதையும் போட்டார். பிறகு அவள் இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கயிற்று முனைகளைத் தேடி எடுத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. பூவோடு சேர்த்து அவள் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை கயிறு நழுவியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தடவித் தடவி, மூன்றாவது முடிச்சை அவளே போட்டு, நர்ஸ்கள் ட்யூபைச் சரிபார்ப்பது போல லேசாக இழுத்துப் பார்த்துக்கொண்டாள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். அவள் திரும்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்:

"அன்னிக்கு ஹால் நெறைய ஆளுங்க இருந்தாங்க, ஒரு முடிச்சு போட ஆள் இல்ல. இந்த ஒன்னாவது என் கையால இருக்கட்டும்க்கா."

ஆயிரம் பேரைக் கூட்டிய கல்யாணங்களில் எனக்குத் தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது, ஆளே வேண்டாம் என்ற கல்யாணத்தில் முன்வரிசை கிடைத்தும் கண்ணீர் கண்ணை மறைத்ததில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.