தண்ணீர்க் குழாயில் செய்த கூண்டு

இது நடந்தது. 1982, மே மாதம், ஒரு வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டு நாற்பத்தேழு வரை. ராத்திரி இல்லை, மழை இல்லை, நாய் ஊளையிடவில்லை. நன்னிலம் பஸ் ரோட்டில், என் வெல்டிங் பட்டறையில், மண்டை பிளக்கும் வெயிலில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் பார்த்தேன் என்று சொல்கிறவர்களை நானும் மதித்ததில்லை. வேலை வெட்டி இல்லாதவன் கண்ணுக்குத்தான் அதெல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான்.

என் பெயர் முகம்மது யூசுப். குவைத்தில் ஏழு வருஷம் எண்ணெய்க் குழாய் வெல்டிங் பார்த்தேன். நாம் வைத்த வெல்டிங்கை அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள். அங்கே இருந்துவிட்டு வந்தவனுக்கு, ஊரில் எவன் வைத்த வெல்டிங்கும் எச்சில் தொட்டு ஒட்டியது மாதிரிதான் இருக்கும்.

அன்றைக்குப் பதினொன்று இருபதுக்கு இராஜாங்கம் ஒரு பழைய ஃபியட் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். பெரிய மிராசுதார் மகன். நில உச்சவரம்புக்குப் பயந்து சமையல்காரன் பேரில்கூட நஞ்சை எழுதிவைத்தவர் அவனுடைய அப்பா. ஆட்சி மாறினால் தோளில் கிடக்கும் துண்டின் கரையும் மாறும். அந்தச் சாமர்த்தியம்கூட மகனிடம் கிடையாது. கூலிங் கிளாஸ், சிகரெட், கார் பந்தயம். அவ்வளவுதான்.

"பாய், மெட்ராஸ்ல ஞாயித்துக்கிழமை ராலி. உள்ள கூண்டு இருக்கு பாருங்க. கூண்டோடதான் வண்டி வந்து இறங்குச்சு. அது நல்லா இருக்குன்னு, தொழில் தெரிஞ்ச வெல்டர் ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்."

"பார்த்துட்டுத்தான் எழுதுவேன்."

"பாருங்க, பாருங்க. சாயங்காலம் வர்றேன்."

காரைவிட்டு இன்னொருவனும் இறங்கினான். துரைராசு. அவர்கள் வீட்டு டிராக்டர் ஓட்டுபவன். ராலியில் ஓட்டுகிறவனுக்கு இடது பக்கம் ஒருவன் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். அந்த இடத்துக்கு அவனைப் பிடித்துவைத்திருந்தான் இராஜாங்கம்.

"உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்றேன், முதலாளி போனதும்.

"எங்க குடிமனைக்குப் பட்டா வருது பாய். ஆட்சேபணை மனு போடாம இருக்கணும்னா வண்டியில ஏறுன்னுட்டாரு." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

கார் கவிழ்ந்தால் கூரை நசுங்கி ஆள் மேல் விழாமல் இருக்கத்தான் அந்தக் கூண்டு. முதுகுக்குப் பின்னால் ஒரே குழாயை வளைத்து நிறுத்த வேண்டும். ஒட்டுப் போடாத, மூட்டே இல்லாத எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். தரையில் கனத்த தகடு வைத்து, அதன்மேல் கால்களைச் சுற்றி முழுக்க வெல்டிங் வைக்க வேண்டும்.

இதில் என்ன இருந்தது? கொல்லையில் கைபம்புக்குப் போடுவார்களே, அந்தத் தண்ணீர்க் குழாய்! வளைவில் எல்லாம் மடங்கி, சப்பட்டையாகியிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மட்டும் வெல்டிங். பின்பக்கம் சும்மா விட்டிருந்தான் அந்தப் புண்ணியவான். விரிசலில் பெயிண்டர் பட்டியை அப்பி, மேலே கறுப்புப் பூசியிருந்தான். தரைத் தகடு துருப்பிடித்து அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதில் நாலு போல்ட். இதை நம்பி ஒருவன் உட்கார வேண்டுமாம். காறித் துப்பினேன். உண்மையாகவே துப்பினேன்.

மணி பன்னிரண்டு பத்து. சுத்தியலை எடுத்தேன்.

வலது பக்கக் குழாயைத் தட்டினேன். ணங்...

இடது பக்கம். டொக்.

குழாயை ஒருவன் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அப்படிச் சத்தம் செத்துப்போகும். உள்ளே மண் அடைத்திருக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் கீழே தட்டினேன். ணங். மேலே. டொக். மறுபடி கீழே.

டொக்.

மேலே... ணங்.

அடைப்பு இடம் மாறுமா? கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் கார் முழுக்கச் சுட்டது. அந்த இடத்தில் மட்டும், ஒரு பிடி அகலத்துக்கு, ஜில்லென்று இருந்தது. ஈரம். விரலை மூக்கில் வைத்தேன். சேற்று வாடை. மேட்டூர் திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. சுற்று வட்டாரத்தில் எந்த வாய்க்காலிலும் பொட்டுத் தண்ணீர் கிடையாது.

குழாய் வியர்க்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முட்டாள்.

தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டையும் மாட்டினேன். பெல்ட் போட்டால்தான் சரியான உயரம் தெரியும். தலைக்கும் குழாய்க்கும் நடுவே கையைக் கொடுத்தேன். நாலு விரல் நுழைந்தது. போதவே போதாது.

கதவு சாத்திக்கொண்டது. காற்று இல்லை. டப்.

திறந்தேன். வரவில்லை. அடித்தேன். வரவில்லை.

பெல்ட்டின் கொக்கியை அமுக்கினேன். விடவில்லை. பன்னிரண்டு முப்பத்தொன்று. கைக்கடிகாரம் கண்ணுக்கு நேரே இருந்தது.

தலையில் என்னமோ உரசியது. கையை மேலே கொடுத்தேன்.

மூன்று விரல்.

நான் அசையவில்லை. இருக்கையும் அசையவில்லை. ஈர மண்ணை மிதிக்கிற மாதிரி... சதக்... சதக்... கூரைக்கு மேலே ஒரு சத்தம்.

இரண்டு விரல்.

பட்டி வைத்த விரிசல் என் கண் முன்னால் வாய் திறந்தது. கிர்ர்ர்...

என் காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். குறை மூச்சு. விட்டு விட்டு.

ஒரு விரல்.

கழுத்தை மடக்கினேன். தாடை நெஞ்சில் இடித்தது.

கலிமா சொன்னேன்.

குழாய் பிடரியைத் தொட்டது...

அமுக்கியது...

"பாய்! என்ன பாய், ஏன் இப்படிக் கத்துறீங்க?"

கதவு திறந்திருந்தது. துரைராசு என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கத்தியது எனக்கே தெரியாது. கொக்கி ஒரு தொடலில் கழன்றது. வெளியே வந்து தரையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாற்பத்தேழு.

அவனை உள்ளே கையை மட்டும் விட்டு அளக்கச் சொன்னேன். கூரைக் குழாய் பழைய இடத்தில்தான் இருந்தது. என் பிடரியில் மட்டும் கறுப்புப் பெயிண்ட் கோடாக ஒட்டியிருந்தது. தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

"நீ இதுல ஏறாதே," என்றேன்.

"ஏறலைன்னா மனை போயிடும் பாய்."

"கூண்டு இல்லாத வண்டியை ராலில விடமாட்டான்ல?"

அவனுக்குப் புரிந்தது. கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தான். நாலு காலையும் வெட்டி, கூரைக் குழாயைத் துண்டு துண்டாக்கி வெளியே எறிந்தேன். பொறி பட்டு இரண்டு சீட்டும் கருகின. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

நாலரைக்கு இராஜாங்கம் வந்தான்.

"யாரைக் கேட்டு வெட்டினே?"

மரியாதை போய்விட்டது. நான் மட்டும் கொடுப்பேனா?

"உனக்கு வேணும்னா தகர டப்பாவுல ஏறிச் சாவு. அவனை ஏன் கூட்டிட்டுப் போறே?"

கூலிங் கிளாஸைக் கழற்றி முறைத்தான். அதைக் கழற்றினால் அந்த முகத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆள் வைத்து, வெட்டிய துண்டுகளோடு காரை டிராக்டரில் கட்டி இழுத்துப் போனான். பட்டறை இடம் அவன் மாமாவுடையது. பத்து நாளில் காலி செய்யச் சொன்னார்கள். மயிலாடுதுறைக்குப் போய்விட்டேன். துரைராசு வீட்டு மனைக்கு ஆட்சேபணை மனுவும் போட்டார்கள். அவன் தாசில்தார் ஆபீஸுக்கு இரண்டு வருஷம் நடந்தான். பட்டா வாங்கினான்.

பிடரிக் காயம் ஆறியது. கோபம் ஆறவில்லை. பேய் மேல் இல்லை, அந்த வெல்டிங் மேல். துரைராசுவிடம், காரை விற்ற மெட்ராஸ் மெக்கானிக்கின் விலாசம் வாங்கினேன். தண்ணீர்க் குழாயில் கூண்டு செய்தவன் மனுஷனா என்று கேட்டு இரண்டு பக்கம் திட்டி எழுதினேன்.

பத்தொன்பது நாள் கழித்து இன்லேண்டு லெட்டர் வந்தது. இன்னும் என்னிடம் இருக்கிறது.

"ஐயா, நீங்கள் திட்டியது நியாயம். அந்தக் கூண்டைச் செய்தது நான்தான். எழுபத்தொன்பதில் ராலியில் வண்டி நடவு வயலில் தலைகீழாகக் கவிழ்ந்தது. இடது பக்கம் இருந்தவன் என் தம்பி. அவன் உடலை வெளியே எடுக்க நானே கூண்டு முழுவதையும் வெட்டினேன். குழாய்களை நானே கொண்டுபோய் இரும்பு உருக்கும் உலையில் போட்டுவிட்டு, உருகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மூன்று வருஷம் கழித்து, கூண்டே இல்லாத வெறும் காரைத்தான் லாரியில் ஏற்றி அனுப்பினேன். நீங்கள் எந்தக் கூண்டை வெட்டினீர்கள்?"