ஊதுகுழலுக்கு மூச்சு கொடுத்தாள்

நாட்டரசன்கோட்டை அம்மனை நம்பியிருக்கும் அன்பர்களே, நான் காரைக்குடியில் நகை வேலை செய்கிற ஆசாரி. அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் எனக்கு நேர்ந்த அவமானத்திலிருந்தே சொல்கிறேன்.

கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல நேரத்துக்குள், வீட்டார் கண்முன்னே, நெருப்பை ஊதுகுழலால் ஊதிப் பொன்னை உருக்க வேண்டும். பாதி உருகும்போது எனக்கு இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. குழல் நுனியில் ரத்தம்.

"என்ன ஆசாரி, நெருப்பு அணையுது, நேரம் போகுதே!" என்று அந்த வீட்டு ஆச்சி பதறினார். கூட வந்திருந்த என் அண்ணன் தன் குழலை எடுத்து ஊதி முடித்தார். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

இருமல் எனக்குப் புதிதல்ல. பதினேழு வயதிலிருந்து சிகரெட். வேலை செய்கிற தணலிலேயே பற்றவைத்துக்கொள்வேன். யார் கேட்டாலும், "கரிப்புகை குடிக்கிற தொழில், இருமாம என்ன செய்யும்?" என்பேன். அம்மனிடமும் அதே பொய்தான். வெள்ளிக்கிழமைதோறும் மடியில் சிகரெட் பெட்டியோடு போய் நின்று, இருமலை எடுத்துவிடு தாயே என்று கேட்பேன். என் கொழுப்பை என்னவென்று சொல்ல!

மறுநாள் அண்ணன் என்னைத் திருப்பத்தூர் டாக்டரிடம் இழுத்துப் போனார். எக்ஸ்ரே பார்த்த டாக்டரிடமும் கரிப்புகைக் கதையை எடுத்துவிட்டேன். அவர் அண்ணனைக் காட்டினார்.

"இவுகளும் அதே நெருப்பு முன்னாலதான உக்காந்திருக்காக? இவுக ஏன் இருமல? சிகரெட்டை விடலைன்னா அடுத்த தைக்கு ஊத நீங்க இருக்க மாட்டீக."

அண்ணன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

நேரே கோயிலுக்குப் போனேன். வாசலுக்கு வெளியிலேயே பெட்டியைக் கசக்கி எறிந்தேன். பையில் எப்போதும் இருக்கும் ஊதுகுழலை அம்மன் காலடியில் வைத்து வாங்கினேன். "பொய் சொன்னேன் தாயே. சிகரெட்டை நான் விட்டுர்றேன். மூச்சை நீ குடு" என்று அழுதேன்.

முதல் பத்து நாள் நரகம். சோறு வைத்த மனைவி விசாலத்தின் மேல் எரிந்து விழுந்தேன். கை தானாக மடிக்குப் போகும். போகும்போதெல்லாம் அந்தக் குழலை வாயில் வைத்து, மனசுக்குள் அம்மா, அம்மா என்று வெறுமனே ஊதுவேன். விசாலம் சிரிப்பாள். மருந்தும் சாப்பிட்டேன். ரத்தம் நின்றது. ஆவணிக்குள் இருமலும் அடங்கியது.

மறு தையில் அதே வீட்டில் இரண்டாவது பெண்ணுக்குப் பொன் உருக்கினார்கள். ஆச்சி அண்ணனைப் பார்த்து, "நீங்கதான ஊதப்போறீக?" என்றார்.

"இல்ல ஆச்சி, தம்பிதான்."

ஊதினேன். பொன் இளகியது, உருகியது, தண்ணீராக ஆடியது. ஒரு இருமல் இல்லை! பெண்கள் குலவையிட்டார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இன்றும் நான்தான் ஊதுகிறேன். அன்பர்களே, அவளிடம் கேளுங்கள், கொடுப்பாள். ஆனால் என்னைப் போல மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.