இரண்டு பேர் ஏறும் கார்

கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் மகேந்திரராசாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் சிரித்துப் பார்த்தவர் யாரென்று கேட்டால்தான் ஊரே முழிக்கும். பளீல் ஹாஜியாரின் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் காலையில் கதிரையில் உட்கார்ந்தாரென்றால், கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பார், இல்லாத சாமானை இல்லையென்பார். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது. லொறிக்காரர்கள் அவருக்குக் 'கல்லு அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதில் விழாமலில்லை. விழுந்து என்ன செய்ய? மனைவி கமலாசனி ஒருநாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் கறி வைத்துப் பார்த்தாள். மனிதர் இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். அன்றைக்கு அவள் குசினிக்குள் நின்று அழுதது உப்புக்காக அல்ல.

முந்தி அவர் இப்படியில்லை. சொந்தக் கடை வைத்திருந்த முதலாளி அவர். கண்டி நகரில், திருகோணமலை வீதியில், கீழே கடையும் மேலே ஓர் அறையுமாக இருந்த இடம். கடையில் அவரும் தம்பி பாலேந்திரனும். தகப்பனுக்குக் கண்டி ஸ்டேஷனில் வேலை. சின்னவனைத் தன்னோடு வைத்துப் படிப்பித்தார். மூத்தவன் தாயோடு யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் வளர்ந்து, சோதனையில் இரண்டுதரம் கோட்டைவிட்டபிறகுதான் கண்டிக்கு வந்து சேர்ந்தான். ஆகவே ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கும் இரண்டு நாக்கு. மகேந்திரராசா சிங்களத்தில் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம் முன்னால் வந்து நிற்கும். பாலேந்திரன் பேசினால் அவன் சிங்களவனில்லையென்று அவனைப் பெற்றவரே சத்தியம் பண்ணவேண்டும். வாடிக்கையாளர்களோடு அரட்டையடிப்பதும் அவன், கடன்காரரைச் சிரித்துச் சமாளிப்பதும் அவன். அண்ணனுக்குச் சாமான் தெரியும். தம்பிக்கு மனிதரைத் தெரியும் என்று தெருவில் சொல்வார்கள்.

எண்பத்துமூன்று ஜூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரியத் தொடங்கியபோது, அம்பன்வெல மாத்தயா காரோடு வந்து கடைவாசலில் நின்றார். அவர் காணி உறுதி எழுதும் ஒரு சிங்கள நொத்தாரிசு, நல்ல மனிதர், பழைய வாடிக்கையாளர். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தானாக வந்தார். அதை மறைக்கக்கூடாது. ஆனால் அவர் வந்த கார் இங்கிலாந்தில் செய்த பச்சைநிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு இருக்கை. பின்னால் ஒரு பூனைக்குட்டிக்கும் இடமில்லை.

"ஒருவர் இப்போது ஏறுங்கள். அக்குறணையில் பளீல் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவந்து மற்றவரைக் கொண்டுபோகிறேன்" என்றார்.

யார் முதலில் என்பதில் பெரிய யோசனை நடக்கவில்லை. வழியில் கலகக்காரர் மறித்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் அண்ணன் அகப்பட்டுவிடுவார், தம்பி தப்பிவிடுவான். மூவருக்கும் அது நியாயமாகவே பட்டது. "நீங்கள் ஏறுங்கோ அண்ணை, எனக்கென்ன பயம்" என்று பாலேந்திரனே கார்க்கதவைத் திறந்துவிட்டான். "ஓமோம், உன்னை ஆர் தமிழனெண்டு சொல்லுவினம்" என்று சொல்லிவிட்டுத்தான் மகேந்திரராசா ஏறினார்.

வழியில் யாரும் மறிக்கவில்லை. கடையை எரிக்க வந்தவர்களோ வெளியூராரல்ல, அதே தெருவையும் அடுத்த தெருவையும் சேர்ந்தவர்கள். ஆளைத் தெரியாதவன்தான் பேச்சைக் கேட்டு இனம் பிரிப்பான். வந்தவர்களுக்கு ஆளைத் தெரியும், பெயரைத் தெரியும், அவன் யார் மகன் என்றும் தெரியும். அவன் பேசிய நல்ல சிங்களம் அவனுக்கு உதவவில்லை. சவமென்று ஒன்றை யாரும் கையில் தரவுமில்லை.

பிறகு அகதிமுகாம், கப்பல், சுன்னாகம். அங்கே கமலாசனி கைக்குழந்தையோடு காத்திருந்தாள். தாய் மட்டும் படலையைப் பார்த்து, "தம்பி எங்கையடா?" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு மாரிகாலத்தில் கண்ணை மூடினாள். பிறகு அங்கேயும் குண்டு விழத் தொடங்கியது. பளீல் ஹாஜியார் ஆளனுப்பிக் கூப்பிட்டார். வந்தார், கதிரையில் உட்கார்ந்தார், மற்றதெல்லாம் நீங்கள் அறிந்ததே.

அவருக்குள் உயிரோடு கிடந்தது ஒரேயொரு கேள்வி. அன்றைக்கு அம்பன்வெல திரும்பிப் போனாரா, இல்லையா? போய்ப் பார்த்துக் காலம் கடந்துபோனதென்றால் அது ஒன்று. போகவேயில்லையென்றால் அது வேறு. அந்த மனிதரோ அதற்குப்பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கண்டி என்ன பெரிய பட்டணமா? வாவியை ஒருதரம் சுற்றிவந்தால் எதிரில் அகப்படாத மனிதர் இல்லை. இருந்தும் இவர் திரும்பிவந்த பிறகும் இருவரும் அகப்படாமலே இருந்தார்கள். ஒருவர் ஒளிந்தார், மற்றவர் தேடவில்லை.

தொண்ணூற்றுமூன்றில் ஒரு மழைநாளில் அந்தப் பச்சைக் கார் கடைவாசலில் வந்து நின்றது. உள்ளேயிருந்து இறங்க அம்பன்வெலவுக்கு நெடுநேரம் பிடித்தது. தலை முழுவதும் வெளுத்திருந்தது.

"மகேந்திரராசா முதலாளி" என்றார் சிங்களத்தில். பழைய பழக்கம்; இப்போதைய முதலாளி ஹாஜியார் உள்ளே வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "முன்பக்க பிரேக் தேய்ந்துவிட்டது. டிஸ்க், பேட் எல்லாம் மாற்றவேண்டும். டவுனில் எல்லாக் கடையிலும் கேட்டேன். இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் என்று அனுப்பிவிட்டார்கள்."

மகேந்திரராசா எழுந்துபோய்க் காரின் முன்சில்லைக் கழற்றச் சொன்னார். டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். நடுவெல்லாம் தேய்ந்து, ஓரத்தில் மட்டும் ரொட்டிக்கல்லின் விளிம்புபோல நிமிர்ந்து நின்றது.

பளீல் ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "லேத்துல குடுத்து ஒருக்கா முகம் சீவி எடுத்தாச் செல்லாதா? என்னத்துக்கு அந்த மனிசனுக்கு வீண் செலவு?"

"இல்லை ஹாஜியார். இப்பவே மெல்லிசு. இன்னும் எடுத்தால் சூட்டிலை வெடிக்கும்."

அம்பன்வெல ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். அவருடைய மருமகன் அனுப்பியது. வட்டமாகத் துளைகள் போட்ட டிஸ்க், போட்டியோட்டக் காருக்குப் போடுகிற பேட், படத்தில் பார்க்கக் கழுத்திலணியும் நகைபோலப் பளபளவென்றிருந்தது.

"இது வேண்டாம் மாத்தயா" என்றார் மகேந்திரராசா தன் நொண்டிச் சிங்களத்தில். அதை இங்கே தமிழில்தான் சொல்லமுடியும். "இந்தப் பேட் சூடேறின பிறகுதான் பிடிக்கும். நீங்கள் வீட்டிலையிருந்து இறங்கினவுடனை பள்ளம், மழை. முதல் மிதியிலை பிடிக்கவேணும். துளையில்லாத வெறும் டிஸ்க் போதும். பேட்டும் மிருதுவான ஜாதி. கெதியாத் தேயும், பரவாயில்லை. இங்கிலாந்துக்கு எழுதி எடுக்கவேணும். ரெண்டு பக்கமும் ஒண்டாத்தான் மாத்தவேணும்."

"நீங்கள் எது சரியென்கிறீர்களோ அது."

அவ்வளவுதான். அந்த மனிதரின் காருக்கு எதையாவது பூட்டி அனுப்பிவிடலாமென்ற கெட்ட எண்ணமாவது தனக்கு வருகிறதா என்று மகேந்திரராசா உள்ளே தேடிப் பார்த்தார். வரவில்லை. கோபம் இருக்கவேண்டிய இடத்தில் கையை விட்டால் வெறும் தகரப்பேணி. அதுதான் அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

கமலாசனிக்கு அன்றிரவு சொன்னபோது அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "கேளுங்கோவனப்பா! வாய் என்ன வாடகைக்கோ குடுத்திருக்கிறியள்?"

"கேட்டு?"

"கேட்டு அழுங்கோ. இல்லாட்டி அந்தாளை ஏசுங்கோ. ஏதாவது ஒண்டு செய்யுங்கோ. நான் ஒரு கல்லோடை குடும்பம் நடத்தேலாது."

சாமான் கப்பலில் வந்து, துறைமுகத்தில் கிடந்து, பிறகு கடைக்கு வந்தது. பூட்டி முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருந்தது. புதிய பேட்டையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக்கவேண்டும். வேகமெடுத்து, மிதித்துக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல் விட்டு, மறுபடி வேகமெடுத்து, மறுபடி மிதித்து, சூடேற்றி, பிறகு ஓடவிட்டே ஆறவைக்கவேண்டும். சூடாக இருக்கும்போது மிதித்தபடி நிறுத்தினால் பேட் ஒட்டி டிஸ்க்கில் தழும்பு விழுந்துவிடும். புதிதாகப் பூட்டியவர் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டியது இந்தத் தொழிலின் வழக்கம். அம்பன்வெல கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மகேந்திரராசா ஏறினார்.

அக்குறணைப் பாதைதான் அதற்குத் தோது. வேகம், மிதி. வேகம், மிதி. "இன்னும் கொஞ்சம் அழுத்துங்கோ. விடுங்கோ. ஓம், இப்ப விடுங்கோ." பேட் கருகும் நாற்றம் உள்ளே வந்தது. ஹாஜியாரின் வீட்டைக் கடந்தார்கள். இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அளவத்துகொடைவரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார்கள். பிரேக் அருமையாகப் பிடித்தது.

மகாவலிப் பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்பன்வெல காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"நிப்பாட்டாதேங்கோ மாத்தயா, சூடாயிருக்கு. காலை எடுங்கோ."

அவர் காலை எடுத்தார். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை போன திசையைக் கண்டபோது மகேந்திரராசாவின் வாய் தானாகத் திறந்தது.

"அண்டைக்கு நீங்கள் திரும்பிப் போனனீங்களோ?"

"இவ்வளவு தூரம்தான் வந்தேன்" என்றார் அம்பன்வெல. "இங்கிருந்து பார்க்க டவுன் பக்கம் முழுவதும் புகை. என் காரை எல்லோருக்கும் தெரியும். உங்களை ஏற்றிப்போனதை யாராவது பார்த்திருப்பார்களென்று நினைத்தேன். உங்கள் தம்பிக்கு ஒன்றும் நடக்காது, அவன் எங்கள் பையன் மாதிரிப் பேசுகிறவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு வத்தேகமப் பாதையில் திரும்பி அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டேன். போய்ச் சோறு சாப்பிட்டேன், முதலாளி. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை."

இந்த நேரத்துக்காக மகேந்திரராசா எத்தனையோ ஏச்சுக்களைச் சேர்த்துவைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. தான் ஏறும்போது சொன்னதைத்தான் இந்த மனிதரும் சொல்லிக்கொண்டு திரும்பியிருக்கிறார் என்று மட்டும் பட்டது. இருவருக்கும் ஒரே சாட்டு. அதற்கு மேலும் நெஞ்சு அசையவில்லை.

"இப்ப போங்கோ" என்றார்.

"எங்கே?"

"கடைக்கு. திருகோணமலை வீதிக்கு. அண்டைக்குப் போகவேண்டிய இடத்துக்குப் போங்கோ."

கார் பாலத்தைத் தாண்டியது. வாகன நெரிசலில் ஊர்ந்து, ஏறி, இறங்கி, அந்தத் தெருவுக்கு வந்தது. பத்து வருடத்தில் மகேந்திரராசா அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. ஒருநாளும் நடக்காத சுற்றுவழிகளையெல்லாம் அதற்காக நடந்திருக்கிறார். கடை இருந்த இடத்தில் மூன்று மாடியில் ஒரு சப்பாத்துக் கடை. வாசலில் சனங்கள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கினார். பக்கத்து இருக்கை காலியானது.

"நிற்கட்டுமா, முதலாளி?"

"வேண்டாம். நீங்கள் போங்கோ."

அம்பன்வெல ஏதோ சொல்லப் பார்த்துவிட்டு, கியரைப் போட்டுப் போனார். மகேந்திரராசா நடைபாதையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காருக்கு ஒரு தனிச் சத்தம், தொண்டை கட்டியவன் இருமுவதுபோல. தெருமுனையில் திரும்பிய பிறகும் கேட்டது. மணிக்கூட்டுக் கோபுரப் பக்கத்து பஸ் இரைச்சலுக்குள்ளும் மெல்லியதாகக் கேட்டது. இத்தனை சந்தடிக்குள்ளேயே இவ்வளவு கேட்கிறதென்றால், வேறு வாகனம் ஓடாத அன்றைக்கு அது எவ்வளவு தூரம் கேட்டிருக்கும்? தம்பி இதே இடத்தில் நின்று, அண்ணன் தப்பிப் போகும் அந்தச் சத்தத்தைக் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்டிருப்பான். அது ஓய்ந்த பிறகு, திரும்பி வருவதைக் கேட்பதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பான். கேட்கும், இந்தா கேட்கும் என்று நின்றிருப்பான்.

அவருடைய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சப்பாத்துக் கடைக்காரர் ஓடிவந்து, சுகமில்லையா ஐயா, தண்ணீர் வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். மகேந்திரராசா அந்த நடைபாதையிலேயே குந்தியிருந்து, சனங்கள் விலகி நின்று பார்க்க, "தம்பி, தம்பி" என்று தமிழில் குழறி அழுதார்.