நத்தார் தாத்தாவுக்கு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர்

உடப்புசல்லாவைப் பக்கம், எங்கள் தோட்டத்தில் நத்தார் தாத்தா என்றால் வேறு யாருமில்லை, கவ்வாத்து வெட்டும் மாமாதான். வருடம் முழுக்கத் தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டி மட்டப்படுத்துகிற மனிதர், டிசம்பரில் நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், வந்தால் இலவம்பஞ்சில் தாடி ஒட்டிக்கொள்வார். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் வேண்டாமென்று போட்ட சிவப்புக் கம்பளிதான் அங்கி. காலுக்கு ஒன்றும் கிடையாது.

"தாத்தாவுக்குத் தாடி கூடிப்போச்சு, கவ்வாத்துக்கு ஆள் போடுங்க!" என்று பெண்கள் கத்துவார்கள்.

மற்ற நாளில், கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார். தாடிக்குப் பின்னால் போய்விட்டாலோ வாய் அடங்காது. "ஐயாவுக்கு ஒரு தராசு கொண்டாந்திருக்கேன். பழைய தராசுக்குக் கண்ணு தெரியலையாமே?" ஐயாவும் சிரித்துத்தான் ஆகவேண்டும். அன்றைக்கு அப்படி.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பது துரையின் ஏற்பாடு. அதற்கு முந்தியது எங்கள் ஏற்பாடு. தாத்தா தப்பு மேளச் சத்தத்தோடு, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்து வாசலுக்கு வருவார். சாமி வந்தால் என்ன செய்வோமோ அதேதான்: காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆலாத்தி எடுத்து, அந்த வருடம் பிறந்த பிள்ளைகளை அவர் கையில் கொடுப்பார்கள். அவர் தூக்கிய பிள்ளை தங்கும் என்று ஒரு நம்பிக்கை. யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. இப்போது கடைகளில் பளபளவென்று தாடி தொங்குகிறது; மஞ்சள் வாசனை இல்லாத தாடி எனக்குத் தாடியாகவே படுவதில்லை.

எங்கள் வீட்டில் எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் ஒரு டிசம்பரைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்துப் பாப்பா பிறந்தாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு நத்தார் ஒன்றுதான் கணக்கு.

அந்த வருடம் பார்த்துப் புதுத் துரை வந்தார். அவர் மனைவி துரைசாணி கொழும்புக்காரர், நல்ல மனுஷி. தன் கையாலேயே புது அங்கி தைத்து, வெறுங்காலுக்குக் கறுப்புச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, மாமாவை ஜீப்பில் ஏற்றி நேரே களத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மழையில் வயதானவர் நடக்கலாமா என்ற இரக்கம். லயத்து வாசல் சங்கதியை அவரிடம் யாரும் சொல்லவில்லை. யார் போய்ச் சொல்வது?

அம்மா சொம்போடு நின்றாள். நான் ஆலாத்தித் தட்டுக்குக் குடை பிடித்தேன். ஜீப் வளைவில் திரும்பி எங்களைத் தாண்டிப் போனது. அம்மா பாப்பாவைக் கம்பளிக்குள் இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். தப்புக்காரர்தான் கத்தினார்:

"யோவ் தாத்தா! சப்பாத்து வந்ததும் லயம் மறந்துபோச்சா?"

ஜீப் நின்றது. தாத்தா குதித்து இறங்கி, மழைத் தண்ணீர் ஓடும் கானோரம் உட்கார்ந்து சப்பாத்தைப் பிடித்து இழுத்தார். ஒன்று கழன்றது. மலையேறி மலையேறிப் பரந்த பாதம். மற்ற சப்பாத்து இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை.

"ஒத்தக் காலு போதுமா, தங்கச்சி?" என்று அம்மாவைக் கேட்டார்.

"போதும்ண்ணே. புள்ளையத் தூக்குங்க."

சொம்புத் தண்ணீர் முழுவதும் அந்த ஒரு காலுக்கே போயிற்று. அவர் கைக்குப் போன பாப்பா தாடியைப் பிடித்தாளே, பாதி அவள் கையோடு வந்துவிட்டது. "கவ்வாத்துக்கு ஆளு வந்தாச்சு! இவளுக்கு இப்பவே பேர் போடுங்க!" என்றார் தாத்தா. அம்மா சிரித்தாள், அழுதாள், இரண்டும்தான். ஒரு சப்பாத்தும் பாதித் தாடியுமாகத் தப்புச் சத்தத்தோடு அவர் களத்துக்குப் போனபோது, துரைசாணி அந்த மஞ்சள் காலைப் பார்த்துவிட்டு டிரைவரிடம் என்னவோ விசாரித்தார்.

அடுத்த நத்தாருக்கு அங்கி வந்தது, சப்பாத்து வரவில்லை. ஜீப் தானாகவே லயத்து வாசலில் நின்றது. முன்சீட்டிலிருந்து துரைசாணி இறங்கினார், கையில் தன் கைக்குழந்தை. பெண்கள் பதறி விலகி வழிவிட்டார்கள். தாத்தா மட்டும் அசையவில்லை.

"மொதல்ல லயத்துப் புள்ளைங்க. பங்களா கடைசியில."

டிரைவர் தயங்கித் தயங்கிச் சிங்களத்தில் சொன்னார். துரைசாணி சிரித்தபடி போய் வரிசையின் கடைசியில் நின்றார். தூறல் பிடித்தது. பாப்பாவை இடுப்பில் வைத்திருந்த அம்மா, பக்கத்தில் போய், குடையை அவர் பிள்ளைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.