இத்தனை கைண்ட்லி எதற்கு?

என் கணவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் கொங்கு வீட்டுப் பிள்ளை. கட்டிய மனைவியையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். நான் பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். எதையும் பட்டென்று போட்டு உடைப்பேன். கல்யாணத்துக்குப் பிறகும் எனக்கு பீர்மேட்டில் ஒரு தனியார் வங்கிக் கிளையில்தான் வேலை. லீவு கிடைக்கும்போது பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். பையிலிருந்து துணியை எடுத்து வைப்பதற்குள் திரும்ப வேண்டியிருக்கும்.

பாலக்காட்டுக்கு மாற்றல் கேட்டு மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கணவர் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவர் என்பதால் எழுதித் தரச் சொன்னேன். வரிக்கு வரி கைண்ட்லி. கைண்ட்லி படிக்கவும், கைண்ட்லி யோசிக்கவும், முடியாவிட்டால் கைண்ட்லி மன்னிக்கவும். 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட்' என்றுகூட இருந்தது. கருணை காட்ட வேண்டியவர் மேலதிகாரி. கேட்கிற நாமே அதை எடுத்துக்கொண்டால் எப்படி? ஆங்கிலத்தில் 'ங்க' இல்லாத குறையை மனிதர் இப்படித் தீர்த்திருந்தார். அவர் முகம் வாடக் கூடாதே என்று அப்படியே அனுப்பினேன்.

அவசரம் இல்லை என்று தெரிகிறது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது நானே போனில் எழுதினேன். தனியாக இருக்கிறேன், கணவரோடு வாழ வேண்டும் என்று நேராகச் சொல்லிவிட்டு, 'ஐ பேட்லி நீட் திஸ் டிரான்ஸ்ஃபர். கைண்ட்லி அப்ரூவ் இட்' என்று முடித்தேன். மொத்தக் கடிதத்துக்கும் ஒரே கைண்ட்லி.

அவர் வாங்கிப் படித்தார். "பேட்லின்னு போட்டா கெஞ்சற மாதிரி இருக்குதுங்களே."

"கெஞ்சத்தான் செய்யுறேன். உங்களுக்கு நான் இங்க வர வேண்டாமா?"

போனைத் தூக்கிக்கொண்டு தோப்புப் பக்கம் போனார். இன்னும் நாலு கைண்ட்லி சேர்க்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கடிதத்தில் ஒரு வரிதான் கூடியிருந்தது: 'மை ஹஸ்பண்ட் பேட்லி நீட்ஸ் இட் டூ.' என் முகத்தைப் பார்க்காமல், "இதைய அனுப்பீருங்க" என்றார்.

மாற்றல் உத்தரவு வந்த அன்று அலுவலகத்திலேயே சத்தமாக அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன்.