பச்சை ஜீப்பும் சவர்க்காரப் பெட்டியும்

பல்லரோ சந்தையிலிருந்து கத்தரிக்காய்ப் பையோடு திரும்பும் கோபாலசிங்கம், வழியில் ஒரு ஜீப் நின்றால் குனிந்துவிடுவார். பையைச் சுவரோரம் வைத்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்து அதன் அடிவயிற்றைப் பார்ப்பார். வண்டிக்காரர் வந்து என்ன என்று கேட்டால், "ஒண்டுமில்லை, சும்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடப்பார். பலெர்மோவில் இத்தனை காலம் இருந்தும், வெட்கப்படும்போது அவருக்கு இத்தாலியன் வராது.

நகரின் சீசா பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீடு அவருடையது. பகலில் வேறொரு குடியிருப்பில் படிக்கட்டுக் கழுவி, குப்பை இறக்கி, வாசல் பார்க்கிறார். மழை தொடங்கினால் மாலைகள் மெக்கானிக் தொத்தோவின் கராஜில் கழியும். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பழைய வண்டியை எடுத்து, மலைப்பாதைக்கு ஏற்றபடி மாற்றுவார். சேற்று டயர், அடியில் இரும்புத் தகடு, இன்னும் என்னென்னவோ. ஆனால் முதல் வேலை உயர்த்துவதுதான். "உசத்தினாத்தான் பிள்ளை அது வண்டி. இல்லாட்டிச் சப்பாத்து" என்பார் என்னிடம்.

போகுமிடம் ஒன்றே. மலையடிவாரத்தில் குத்தகைக்கு எடுத்த சிறு தோட்டம். மழையில் களியாகிவிடும் மண்பாதையில் ஞாயிறுதோறும் மனைவி குகனேஸ்வரியோடு போவார். அவர் மரங்களில் குழை முறிப்பார். மாமி ஏசிக்கொண்டே கீரை ஆய்வார்.

சென்ற வருடம் மாமிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அந்தக் குளிர்காலத்திலும் இவர் வழக்கம்போல வண்டியை உயர்த்தினார். சில்லுகளுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்தார். அது துருவுக்கு மருந்து என்று தொத்தோ இன்னமும் நம்புகிறார். பிறகு மாமியைக் கூப்பிட்டார். மாமியின் கால் அந்த உயரத்துக்கு எழும்பவில்லை. இவரும் தொத்தோவுமாகத் தூக்கி ஏற்றினார்கள். தெருவே நின்று பார்த்தது.

"நான் என்ன சாமியே, தேரிலை தூக்கி வைக்க?" என்றார் மாமி. அதன்பிறகு தோட்டத்துக்கு வரவேயில்லை. இவர் தனியே போய்க் கொண்டுவருகிற கீரையைத் தொட்டுப் பார்த்து, "முத்தல்" என்று சொல்வதோடு சரி.

இந்த முறை, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கராஜில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்று, அவர் நெடுநாளாக ஆசைப்பட்ட பச்சை சுசுகி ஜீப். மற்றது, நான்கு சில்லும் இழுக்கிற பழைய வெள்ளைப் பாண்டா கார். ஆட்டிடையர்கள் ஓட்டுகிற வண்டி. "சவர்க்காரப் பெட்டி" என்று அதற்குப் பெயர் வைத்தார். ஜீப்பின் கதவைத் திறந்து சாத்தி, "சத்தத்தைக் கேட்டியே பிள்ளை?" என்பார். பாண்டாவின் கதவைத் தொடவுமில்லை. ஜீப்பை விட்டால் உன்னோடு பேச மாட்டேன் என்று தொத்தோ சொல்லிவிட்டார்.

ஒரு மாலை, எங்கள் வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் தெருவில் போவதைக் கண்டேன்.

"எங்கை மாமா, கதிரையோடை?"

"மாமி இதிலை ஆரின்ரை கையையும் பிடிக்காமல் இருந்து எழும்புறா. வா, காட்டுறன்."

கராஜில் ஜீப்பின் கதவைத் திறந்து, கதிரையைப் பக்கத்தில் வைத்தார். ஜீப்பின் இருக்கை எங்கோ மேலே இருந்தது. கதிரையைப் பாண்டாவுக்கு நகர்த்தினார். ஒரு தேசிக்காய் உயரந்தான் வித்தியாசம். அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, இதை எவ்வளவு உயர்த்தலாம்?" என்று தொத்தோ அலுப்போடு கேட்டார்.

உயர்த்துவதில்லை, டயரும் தகடும் போதும் என்று கோபாலசிங்கம் இத்தாலியனில் சொன்னார். தொத்தோ அவருடைய நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமி கராஜுக்கு வந்தார். பாண்டாவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இதுதானே உங்கடை சவர்க்காரப் பெட்டி?"

"ஓம். ஒருக்கா இருந்து பாருமன்."

மாமி வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் மெல்ல அமர்ந்தார். நல்ல காலை உள்ளே எடுத்தார். மற்றக் காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கத் தொடங்கினார். கோபாலசிங்கத்தின் கைகள் தாமாகவே முன்னால் போயின. அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பச்சை ஜீப்பின் பக்கம் திரும்பி நின்றார். பாண்டாவின் கதவு உள்ளேயிருந்து சாத்தப்படும் சத்தம் கேட்கும்வரை அவர் திரும்பவில்லை.