டிக் இல்லாத ஃபோல்டர்

எங்கள் கம்பெனிக்கு ஒரே ஒரு மெயில் ஐடி. அதைத் திறக்கிற இடம் மூன்று: முதலாளி முருகானந்தத்தின் போன், அவர் வீட்டு லேப்டாப், ஆபீசில் சாரதாமணியக்காவின் கம்ப்யூட்டர். குமாரபாளையத்தில் துண்டு நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆபீசில் இருப்பது நாங்கள் இருவர்தான். சரக்கு அனுப்புவது என் வேலை. கடிதப் போக்குவரத்து முழுக்க அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி, அதன் புண்ணியத்தில் தீராத கழுத்துவலி. ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு ஃபோல்டர் என்று மொத்தம் நாற்பத்து மூன்று வைத்திருந்தார். யார் மெயில் அனுப்பினாலும் அது தானாக அவரவர் ஃபோல்டருக்குள் போய் விழும். எதையும் அழிக்க மாட்டார். என்றைக்கோ ஒரு பல்பொடிக் கம்பெனி அனுப்பிய தீபாவளி வாழ்த்துகூட இன்னும் இருக்கிறது. ஏன் என்று கேட்டால், கிடந்துவிட்டுப் போகட்டும், சோறா கேட்கிறது என்பார்.

அந்த நாற்பத்து மூன்றில் அவர் உயிரை வாங்கியது ஒன்றுதான், 'பிரபாகர் டையிங்'. பிரபாகர் முதலாளியின் உடன்பிறந்த தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன் பாகம் பிரித்தபோது தறிகள் அண்ணனுக்கு வந்தன, சாயப்பட்டறை தம்பிக்குப் போனது. அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் எங்கள் நூலுக்குத் தம்பி பட்டறையில்தான் சாயம் போட வேண்டும் என்பது வெளிநாட்டுப் பார்ட்டியின் கட்டளை. ஆகவே நான்கு தெரு தள்ளி இருக்கிற இருவரும் மெயிலில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் சொல்வதை அக்கா அடிப்பார், தம்பி எழுதுவதை அண்ணனுக்குப் படித்துச் சொல்வார். அண்ணன் சொல்வதிலிருந்து வசவுகளைப் பொறுக்கி எடுப்பதற்கே அவருக்குப் பாதி நாள் போய்விடும்.

ஆவணியில் பிரபாகர் புது வீடு கட்டி முடித்தார். கிரகப்பிரவேசப் பத்திரிகை மெயிலில் வந்தது. எங்கள் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் வீடு தேடி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டினால்தான் அது அழைப்பு. உறவே இல்லாத ஊரானுக்கே அதுதான் மரியாதை என்றால், கூடப்பிறந்த அண்ணனுக்கு மெயிலிலா? முதலாளி போனில் அந்தப் பெயரைப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று. போனை என்னவோ நோண்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு பத்து நாள் பிரபாகரிடமிருந்து மெயில் வரவே இல்லை. விசேஷ வேலையாக அலைவார் என்று அக்கா நினைத்துக்கொண்டார். கொஞ்ச நாளாவது தலைவலி இல்லாமல் இருக்கட்டும் என்று நானும் சொன்னேன்.

பதினோராம் நாள் சாய நூல் வந்து இறங்கியது. எண்ணூறு கிலோ. நீலம் நாங்கள் கேட்டதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அடர்த்தி. டிரைவர் ஒரு கவரும் கொடுத்தார். பிரபாகர் எட்டு நாளைக்கு முன் அனுப்பிய மெயிலின் பிரிண்ட் அதில் இருந்தது. கலர் சற்றுத் தூக்கலாக வருகிறது, மூன்று நாளில் பதில் வராவிட்டால் அப்படியே போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தார். முதலாளி போனில் தேடினார், இல்லை. அக்காவின் கம்ப்யூட்டரில் வந்து பார்த்தார். மெயில் மட்டுமல்ல, அந்த ஃபோல்டரையே காணோம்.

ஆபீசை ஒட்டிய மடிப்புப் பிரிவில் துண்டு மடித்துக்கொண்டிருந்த இருபது பெண்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஃபோல்டரையே அழிச்சுப்போட்டு உக்காந்திருக்கறயே அம்மிணி. கண்ணு தெரியலீன்னா ஊட்ல இருக்கோணும்."

நாளையிலிருந்து மடிப்புக்குப் போ, கம்ப்யூட்டருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டு முதலாளி தன் அறைக்குள் போய்விட்டார். அக்கா அழவில்லை. பல்பொடி வாழ்த்தைக்கூட அழிக்காதவளா இதை அழிப்பேன் என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

பிறகு பிரவுசரைத் திறந்து நேராக மெயில் சர்வருக்குள்ளேயே போனார். செட்டிங்கில் ஃபோல்டர் பட்டியல் வந்தது. நாற்பத்து மூன்றும் பத்திரமாக இருந்தன. நாற்பத்திரண்டுக்கு எதிரே டிக். பிரபாகர் டையிங் எதிரே மட்டும் கட்டம் காலியாக இருந்தது.

அக்கா விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. மெயில்கள் இருப்பது சர்வரில். எந்தெந்த ஃபோல்டரைக் காட்ட வேண்டும் என்ற பட்டியலும் அங்கேதான் இருக்கிறது, எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. போன், லேப்டாப், கம்ப்யூட்டர் மூன்றும் அதைப் பார்த்துத்தான் காட்டுகின்றன. ஒருவர் ஓரிடத்தில் டிக்கை எடுத்தால் மூன்று இடத்திலும் மறையும். ஃபோல்டர் அழியாது. வருகிற மெயில் உள்ளே விழுந்துகொண்டேதான் இருக்கும், பார்க்கத்தான் ஆள் இருக்காது. பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர், அக்காவும் முதலாளியும்.

அக்கா டிக் போட்டார். படிக்காத மெயில் நான்கு இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தவர் இரண்டாவதில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் முதலாளியைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

"நான் அழிக்கலீங்ணா. உங்க போன்ல அந்தப் பேரு வேண்டாம்னு எடுத்திருக்கறீங்க. அது எனக்கும் சேர்த்துப் போயிருச்சுங்க."

முதலாளி, என் போனில்தானே எடுத்தேன் என்று முனகினார். அக்கா அந்த இரண்டாவது மெயிலைக் காட்டினார். பத்திரிகை வந்த மறுநாள் வந்தது.

'அண்ணா, நேற்று அனுப்பியது அச்சுக்குப் போகும் முன் நீங்கள் பார்ப்பதற்கு. உங்கள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். ஞாயிறு காலை நாங்கள் இருவரும் நேரில் வந்து அழைக்கிறோம். வரலாமா? பதில் போடுங்கள்.'

கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. முதலாளி அதை எத்தனை முறை படித்தார் என்று தெரியவில்லை. கடைசியில், தம்பிக்கு நல்லபடியாக ஒரு பதில் அடி அம்மிணி என்றார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீங்களே உக்காந்து அடிங்க. எனக்கு முடியலீங்ணா. காலைல எல்லாத்து முன்னாலயும் சொன்னீங்க, அழிச்சுப்போட்டேன்னு. இல்லைன்னு அதே மாதிரி ஒருக்கா சொல்லுங்க, வந்து உக்காந்துக்கறேன்."

முதலாளி மடிப்புப் பிரிவுப் பக்கம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்துத் தேட ஆரம்பித்தார்.

அந்த ஞாயிறே பெண்டாட்டியோடு தட்டெடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். இப்போது அண்ணனும் தம்பியும் தினம் போனில் பேசிக்கொள்கிறார்கள், சிரிப்புச் சத்தம் என் மேசைக்குக் கேட்கிறது. மூன்று வாரமாயிற்று. அக்கா மடிப்பில் நின்றுகொண்டு துண்டு மடிக்கிறார். முதலாளி தினம் இரண்டு தடவை அந்தப் பக்கம் போகிறார், துண்டை எடுத்துப் பார்க்கிறார், ஓரம் சரியாக இருக்கிறது என்கிறார், திரும்பி வந்துவிடுகிறார்.